கல்லா இளமையும் ஐம்பத்தைந்து வயதும்

கேள்வி கேட்டவருக்கு ஐம்பத்தைந்து வயது. 1987 முதல் 1990 வரை திருச்சியில் ஒரு கல்லூரி விடுதியில் தங்கிப் படித்ததாகவும், விடுதியின் மொட்டை மாடியில் டேப் ரெக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்து பாட்டுக் கேட்ட இரவுகள் இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை என்றும் எழுதியிருக்கிறார். வீடு, வேலை, உடல்நலம் எதிலும் பெரிய குறையில்லை. மகள் திருமணமாகி வெளிநாட்டில் இருக்கிறார். ஆனால் இரவுச் சாப்பாடு முடிந்ததும் இரண்டு மணி நேரம் அந்தக் காலத்துப் பாடல்களோடும் பழைய புகைப்படங்களோடும் தனியே அமர்ந்துவிடுகிறார். ‘நீங்கள் இந்த வீட்டில் இல்லை, அந்த விடுதியில்தான் இருக்கிறீர்கள்’ என்று மனைவி வருத்தப்படுகிறாராம். இது ஒரு நோயா, இளமையில் இருந்ததைப் போலவே வாழ்ந்து பார்த்தால் இளமை திரும்பும் என்று ஒரு நண்பர் சொல்வது உண்மையா, இந்த வயதில் மகிழ்ச்சியை எங்கே தேடுவது என்பவை அவருடைய மூன்று கேள்விகள். எழுதியதை இரண்டு முறை படித்த பிறகு, இம்மூன்றுக்கும் அடியில் அவர் கேட்கத் தயங்கிய இன்னொன்று இருப்பதாக எனக்குத் தோன்றியது: ‘என் வாழ்க்கையின் நல்ல பகுதி முடிந்துவிட்டதா?’ அதற்கும் சேர்த்தே பதில் சொல்ல முயல்கிறேன்.

நான் உளவியல் படித்து, மதுரையில் இருபத்தாறு ஆண்டுகளாக ஆலோசகராகப் பணியாற்றுகிறவன். பதினோரு ஆண்டுகளாகச் சனிக்கிழமை மாலைகளில், ஐம்பது வயதைக் கடந்தவர்கள் கூடிப் பேசும் ஒரு சிறு கூடுகையை நடத்தி வருகிறேன். நான் மருத்துவன் அல்லன். மருந்து எழுதும் தகுதி எனக்கில்லை. நேரில் பார்க்காத ஒருவரைப் பற்றி எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்வதும் முறையாகாது. ஆகவே ஆய்வுகள் உறுதியாகக் காட்டுவதையும், நான் கண்கூடாகப் பார்த்ததையும், இன்னும் விவாதத்தில் இருப்பதையும் ஒன்றோடொன்று கலக்காமல் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் நோயா என்ற கேள்வி. ஒரு காலத்தில் இதை நோய் என்றுதான் நினைத்தார்கள். 1688-இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் யோஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், ஊரைப் பிரிந்து வாழ்ந்தவர்களிடம் கண்ட ஏக்கத்துக்கு, ‘திரும்புதல்’, ‘வலி’ என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களை இணைத்து ‘நாஸ்டால்ஜியா’ என்று பெயர் வைத்தார். அயல்நாட்டுப் படைகளில் கூலிக்குச் சண்டையிட்ட சுவிஸ் வீரர்களின் நோயாகவே அது நெடுங்காலம் பேசப்பட்டது. இன்றைய மருத்துவத்தில் அப்படி ஒரு நோய் கிடையாது. பழையதை நினைத்து ஏங்குவது எல்லா வயதினரிடமும், எல்லா நாட்டினரிடமும் காணப்படும் இயல்பான மனநிலை. 1963-இல் ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், முதியவர்கள் பழங்கதை பேசுவதை மூளைத் தளர்ச்சியின் அடையாளமாகக் கருதிய அக்கால வழக்கத்தை மறுத்து, வாழ்ந்த வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பது அந்த வயதுக்கே உரிய தேவையான மனவேலை என்று எழுதினார். அதன் பிறகு முதியோரைப் பராமரிக்கும் பலரும் அவர்களைப் பேசவிட்டுக் கேட்பதைத் தங்கள் பணியின் ஒரு பகுதியாகவே ஆக்கிக்கொண்டார்கள்.

ஆயினும் இங்கே ஒரு எச்சரிக்கையைச் சொல்லாமல் நகர முடியாது. ஏக்கம் வேறு, மனச்சோர்வு வேறு. இரண்டும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு வரக்கூடும். பழைய பாட்டைக் கேட்கும்போது கண் கலங்கினாலும் உள்ளே ஒரு இனிமை இருந்தால் அது ஏக்கம். பாட்டும் ருசிக்கவில்லை, சாப்பாடும் ருசிக்கவில்லை, விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது, எதையும் தொடங்க உடல் எழவில்லை, ‘இருந்து என்ன ஆகப்போகிறது’ என்ற நினைப்பு வருகிறது, இவை இரண்டு வாரங்களுக்கு மேல் பெரும்பாலான நாள்களில் நீடிக்கின்றன என்றால், அது மருத்துவர் பார்க்க வேண்டிய மனச்சோர்வாக இருக்கலாம். தைராய்டு சுரப்புக் குறைவும் வைட்டமின் பி12 குறைவும்கூட இதே போன்ற சோர்வைத் தரும் என்பதால் இரத்தப் பரிசோதனையும் தேவைப்படலாம். உடனே யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால், மத்திய அரசின் டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். உங்கள் கடிதத்தில் அந்த அறிகுறிகள் எதுவும் எனக்குத் தெரியவில்லை; ஆனால் நீங்கள் எழுதாமல் விட்டதை நான் அறியேன் என்பதால் இதைச் சொல்லி வைக்கிறேன்.

அடுத்து, மனம் ஏன் திரும்பத் திரும்ப அந்த மூன்றாண்டுகளுக்கே போகிறது என்பதைப் பார்ப்போம். நினைவு பற்றிய ஆய்வுகளில் மிக உறுதியான முடிவுகளில் இது ஒன்று. நடுவயதைக் கடந்தவர்களிடம் சில சொற்களைக் கொடுத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் தம் வாழ்வில் நடந்த ஒன்றை நினைவுகூரச் சொன்னால், அண்மைக் கால நினைவுகளை ஒதுக்கிப் பார்க்கும்போது, ஏறத்தாழ 10 வயதுக்கும் 30 வயதுக்கும் இடைப்பட்டவை மற்ற எல்லாக் காலத்தையும் விட மிகுதியாக வந்து விழுகின்றன. வரைபடமாகப் போட்டால் அந்த இடம் மட்டும் மேடாக எழுந்து நிற்கும். 1986-இல் டேவிட் ரூபினும் உடன் பணியாற்றியவர்களும் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டிய இந்த நினைவுமேடு, அதன் பிறகு பல நாடுகளில் மீண்டும் மீண்டும் கண்டறியப்பட்டிருக்கிறது. ஆகவே விடுதி மாடியை நினைப்பதால் உங்களிடம் ஏதோ கோளாறு இருப்பதாக எண்ண வேண்டாம். ஐம்பத்தைந்து வயது மனிதரின் நினைவு எங்கே மேடிட்டிருக்குமோ அங்கேதான் நீங்களும் ஏறி நிற்கிறீர்கள்.

மேடு இருப்பது உறுதி. அது ஏன் உண்டாகிறது என்பதில்தான் கருத்து வேறுபாடு. அந்த வயதில் மூளையின் பதியும் திறன் உச்சத்தில் இருப்பது காரணம் என்பார் உண்டு. ‘நான் இன்னார்’ என்று ஒருவர் தம்மைத் தாமே கட்டிக்கொள்ளும் பருவம் அது என்பதால் என்பாரும் உண்டு. முதல் தனிப் பயணம், முதல் சம்பளம், முதல் காதல் என்று எல்லாமே முதல் முறையாக நடப்பதால் என்பதும் ஒரு விளக்கம். இவற்றில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இன்று எவராலும் இயலாது. ஆனால் என் கண்ணை மிகவும் திறந்த இரண்டு ஆய்வுகள் உண்டு. 1998-இல் ஷ்ராஃப், ரூபின் இருவரும், ஸ்பானிய மொழி பேசும் நாடுகளிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய முதியவர்களிடம் நினைவுகளைச் சேகரித்தபோது, முப்பது வயதைத் தாண்டிக் குடியேறியவர்களுக்கு மேடு இருபதுகளில் இல்லாமல், குடியேறிய காலத்தை ஒட்டித் தள்ளி நின்றது. 1999-இல் கான்வே, ஹக் இருவரும் வங்கதேசத்தவரிடம் நடத்திய ஆய்வில், மூத்த தலைமுறையினருக்கு இளமையில் ஒரு மேடும், 1971 விடுதலைப் போரை ஒட்டிய நடுவயதில் இன்னொரு மேடும் தென்பட்டன. முன்னது மிகச் சிறிய ஆய்வு. அதன் மேல் பெரிய கட்டடம் எழுப்பக் கூடாது. இருந்தாலும் இரண்டும் ஒரே திசையைக் காட்டுகின்றன. நினைவு மேடிடுவது வயதைப் பார்த்து மட்டும் அன்று. வாழ்க்கை எங்கே புதிதாகப் புரண்டதோ அங்கேயும் மேடிடுகிறது.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய நாள்கள் உள்ளபடியே நினைவில் நிற்பதில்லை. 1997-இல் மிட்செல், தாம்ப்சன் முதலியோர், கலிஃபோர்னியாவில் மூன்று வாரச் சைக்கிள் பயணம் போன மாணவர்களிடம் பயணத்துக்கு முன்பும், நடுவிலும், பின்பும் கேட்டுப் பதிவு செய்தார்கள். வழியில் அலுப்பும் ஏமாற்றமும் இருந்தபோதும், பயணம் முடிந்த பின் அவர்கள் நினைவில் நின்றது அனுபவித்ததை விட அழகான பயணம். உங்கள் விடுதியிலும் தண்ணீர் வராத காலைகள் இருந்திருக்கும். கட்டணம் கட்டப் பணம் வராத மாதங்களும், தேர்வு முடிவுக்குப் பயந்த இரவுகளும் இருந்திருக்கும். அவற்றை நினைவு மெல்ல வடிகட்டிவிட்டது. பாடல்களின் கதையும் ஏறக்குறைய இதுவே. 1989-இல் ஹோல்புரூக், ஷிண்ட்லர் நடத்திய ஆய்வில், மக்களுக்கு மிகவும் பிடித்த பாடல்கள் அவர்கள் ஏறத்தாழ 23, 24 வயதாக இருந்தபோது வெளிவந்தவையாக இருந்தன. பின்வந்த ஆய்வுகளில் இந்த வயது சற்று முன்னே பின்னே நகர்கிறது. எப்படியானாலும், ‘இப்போது வரும் பாட்டெல்லாம் பாட்டா’ என்று நம் அப்பா சொன்னதும், நாம் சொல்வதும், நம் பிள்ளைகள் நாளை சொல்லப்போவதும் இசையின் தரத்தைப் பற்றிய தீர்ப்புகள் மட்டுமே என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இந்த ஏக்கத்தைத் தமிழில் மிகத் துல்லியமாகச் சொன்னவர் ஒரு முதியவர். புறநானூற்றின் 243-ஆம் பாட்டைப் பாடிய அவருடைய இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பாட்டில் வரும் தொடரைக் கொண்டே ‘தொடித்தலை விழுத்தண்டினார்’ என்று அழைக்கப்படுகிறார். ‘இனி நினைந்து இரக்கம் ஆகின்று’ என்று தொடங்கும் அவர், பூண் மாட்டிய தடியை ஊன்றி, நடுங்கி, இருமலுக்கு நடுவே சில சொற்களே பேச முடிகிற நிலையில் இருந்துகொண்டு தம் இளமை எங்கே போயிற்று என்று கேட்கிறார். ஆனால் இளமை என்று அவர் எதைச் சொல்கிறார் என்பதைக் கவனியுங்கள். மணலில் செய்த பாவைக்குப் பூச்சூட்டியது, குளிர்ந்த குளத்தில் ஆடிய பெண்களோடு கைகோத்தது, அவர்கள் அசைந்தால் தாமும் அசைந்தது, ஒளிவுமறைவு அறியாத வஞ்சமற்ற கூட்டம், நீரை ஒட்டித் தாழ்ந்த மருத மரக்கிளையில் ஏறிக் கரையில் நின்றவர்கள் மலைக்கும்படி, நீர்த்துளி சிதற, ஆழமான மடுவில் ‘துடுமெனப்’ பாய்ந்தது, மூழ்கி அடிமணலை அள்ளிக்கொண்டு மேலே வந்தது. ‘கல்லா இளமை அளிதோ தானே’, அதாவது எதையும் கற்றறியாத அந்த இளமை இரங்கத்தக்கது, என்பதற்கு முன் அவர் அடுக்கியவை அனைத்தும் கண்ணால் காணக்கூடிய செயல்கள். ‘அந்தக் காலம் நன்றாக இருந்தது’ என்று ஒரு வரியில் அவர் முடித்திருந்தால், இத்தனை நூற்றாண்டுகளுக்குப் பிறகு அந்தத் தண்ணீர் நம் மேல் தெறித்திருக்காது.

இதை நான் இலக்கிய நயத்துக்காகச் சொல்லவில்லை. 1986-இல் வில்லியம்ஸ், பிராட்பென்ட் இருவரும், தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களிடம் நினைவுகளைக் கேட்டபோது, அவர்களில் பலரால் குறிப்பிட்ட ஒரு நாளில் நடந்த ஒன்றைச் சொல்ல முடியவில்லை. ‘அப்போதெல்லாம் மகிழ்ச்சியாக இருப்பேன்’ என்ற பொதுச் சொல்லிலேயே நின்றுவிட்டார்கள். மனச்சோர்வு உள்ளவர்களிடம் இதே போக்கு பின்னர் பலமுறை உறுதிப்படுத்தப்பட்டது. குறிப்பிட்ட ஒரு நிகழ்ச்சியை நினைவுகூரப் பழக்கும் பயிற்சியால் சோர்வு குறைவதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. அந்தப் பலன் எவ்வளவு காலம் நிற்கும் என்பது இன்னும் தெளிவாகவில்லை. என் அனுபவத்தில், ஒருவரை வாட்டுவது பெரும்பாலும் ‘அந்தக் காலம்’ என்ற மொத்த மூட்டைதான். மூட்டையைப் பிரித்து ஒரே ஒரு நாளை வெளியே எடுத்து வைக்கும்போது ஏக்கத்தின் குணமே மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் சனிக்கிழமைக் கூடுகைக்கு ஒரு அச்சுக்கோப்பாளர் வந்தார். அறுபத்தேழு வயது. முப்பது ஆண்டுகள் ஈய எழுத்துகளைக் கோத்தவர். கம்ப்யூட்டர் வந்ததும் அந்தத் தொழிலே போய்விட்டது. வந்த நான்கு வாரமும் ‘அந்தக் காலம் மாதிரி வராது சார்’ என்பதைத் தவிர வேறு எதுவும் அவர் பேசவில்லை. ஐந்தாவது வாரம், ஒரு நாளை, ஒரே ஒரு நாளைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். நெடுநேரம் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 1984-ஆம் ஆண்டு தை மாதத்து இரவு ஒன்றைச் சொன்னார். விடிந்தால் கொடுத்தாக வேண்டிய மூன்று கல்யாணப் பத்திரிகைகள் கையில் இருந்தன. மின்சாரம் போய்விட்டது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் எழுத்துப் பெட்டியின் அறைகளைக் கண்ணால் பார்க்காமல் விரலாலேயே தேடி எடுத்து, எழுத்துக் கோக்கும் ஸ்டிக்கில் அடுக்கினார். ஒருவர் புரூஃபை உரக்கப் படிக்க, இவர் மூலத்தோடு ஒத்துப் பார்த்தார். மணமகள் பெயரில் ஒரு கொம்பு விட்டுப்போயிருந்ததைக் கண்டுபிடித்தார். டிரெடில் அச்சு இயந்திரத்தைக் காலால் மிதித்துக்கொண்டிருந்த மூத்தவர், ‘அவன் கண்ணு பாத்துருச்சுல்ல, அப்ப ஏத்துங்கடா’ என்றார். அதைச் சொல்லும்போது அவருடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இல்லாத ஓர் எழுத்தைப் பிடித்துத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தன. கூடுகையில் இருந்த பதினான்கு பேரும் மூச்சு விடாமல் கேட்டார்கள்.

அன்று அவரிடம் ஒரு கேள்விதான் கேட்டோம்: இந்த இரவில் இருந்தவற்றில் எவை முப்பது வயதுக்கு உரியவை, எவை வயதுக்கு உட்படாதவை? இரவெல்லாம் நின்ற கால்கள் முப்பது வயதுக்கு உரியவை. ஈய எழுத்து அந்தக் காலத்துக்கு உரியது. ஆனால் ஒருவர் படிக்க ஒருவர் ஒத்துப் பார்த்ததும், பிழையைப் பிடிக்கும் கண்ணும், அந்தக் கண்ணை நம்பி நாலு பேர் காத்திருந்ததும் எந்த வயதுக்கும் கட்டுப்பட்டவை அல்ல. முதலில் நான் ஒரு தவறு செய்தேன். கணினியில் தட்டச்சுக் கற்கச் சொன்னேன். இரண்டு வாரம் போனார், பிடிக்கவில்லை, விட்டுவிட்டார். அவருக்கு வேண்டியிருந்தது இயந்திரமாக இருக்கவில்லை என்பதை நான் கவனிக்கத் தவறிவிட்டேன். பின்னர் கூடுகைக்கு வரும் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை, தம் ஊர்க் கோயிலைப் பற்றி எழுதிய சிறுநூலின் புரூஃப் படிகளை அவரிடம் கொண்டுவந்தார். அவர் படிக்க, இவர் பார்க்க, மூன்று சனிக்கிழமைகள் போயின. இப்போது நான்கைந்து சிறு பதிப்பாளர்கள் அவருக்குப் படிகளை அனுப்புகிறார்கள். ஈய எழுத்தை நினைத்து அவர் இன்னும் கண் கலங்குவதுண்டு. அதை நாங்கள் யாரும் தடுப்பதில்லை.

ஏனென்றால் சில இழப்புகள் உண்மையான இழப்புகள். விடுதி மாடியில் உங்களோடு உட்கார்ந்திருந்தவர்களில் சிலர் இன்று உயிரோடு இல்லாமலும் இருக்கலாம். முழங்கால் முன்போல மடங்காமலிருக்கலாம். ‘என்னவாக வேண்டுமானாலும் ஆகலாம்’ என்ற அந்த வயதின் திறந்த வெளி இன்று இல்லை. இவற்றுக்கு மாற்று உண்டு என்று ஆறுதல் சொல்கிறவர்கள் மீது எனக்கு நம்பிக்கை இல்லை. இவற்றுக்கு உரியது துக்கம். துக்கத்தை முழுதாகப் பட்டு முடித்தவர்களே அடுத்ததற்கு இடம் கொடுப்பதைக் கண்டிருக்கிறேன். துக்கப்பட வேண்டியதையும் மீட்டெடுக்கக் கூடியதையும் ஒரே மூட்டையில் வைத்திருந்தால் இரண்டுமே நடக்காது. இந்தப் பிரிப்புக்கு ஆய்வு எதையும் என்னால் சான்றாகக் காட்ட முடியாது. இது என் தொழிலில் நான் கற்றது.

பழையதை நினைப்பது நன்மை தருமா என்பதிலும் இரண்டு பக்கம் உண்டு. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் வில்ட்ஷட், செடிகிடிஸ் முதலியோர் 2006 முதல் வெளியிட்ட ஆய்வுகள், தனிமையும் வருத்தமும் ஏக்கத்தைத் தூண்டுகின்றன என்றும், ஏக்கம் ‘எனக்கு மனிதர்கள் இருக்கிறார்கள்’ என்ற உணர்வைத் திரும்பத் தருகிறது என்றும் காட்டின. ஆனால் அவை பெரும்பாலும் ஆய்வாளர் கேட்டுக்கொண்டபடி இனிய நினைவை எண்ணிப் பார்த்தவர்களிடம் கண்டவை. 2020-இல் நியூமனும் சிலரும் அன்றாட வாழ்வில் தானாக எழும் ஏக்கத்தைப் பதிவு செய்தபோது, அது மனநிலை தாழ்ந்திருப்பதோடு சேர்ந்தே வந்தது. இரண்டையும் சேர்த்துப் படிக்கையில், தேடிப் போய் நினைப்பதும் தானாக வந்து அமுக்குவதும் ஒன்றல்ல என்றே நான் புரிந்துகொள்கிறேன். தினமும் இரவு, தனியாக, அதே பாடல்கள், அதே படங்கள் என்ற உங்கள் வழக்கத்தில் எனக்குக் கவலை தருவது பாடல்கள் அல்ல. ‘தனியாக’ என்ற அந்தச் சொல். மாடியில் அந்தப் பாடல்களை நீங்கள் ஒருநாளும் தனியாகக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

நண்பர் சொன்ன, இளமையைப் போல வாழ்ந்தால் இளமை திரும்பும் என்ற செய்திக்கு ஒரு மூலம் உண்டு. 1979-இல் எல்லன் லாங்கர் என்ற ஹார்வர்ட் உளவியலாளர், எழுபதுகளில் இருந்த ஆண்கள் சிலரை நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு பழைய மடாலயத்துக்கு அழைத்துச் சென்று, 1959-ஆம் ஆண்டில் வாழ்வது போலவே சில நாள்கள் வாழச் செய்தார். அவர்களுடைய செவித்திறன், நினைவாற்றல், கைப்பிடி வலிமை போன்றவை மேம்பட்டதாக அறிவித்தார். கதை அழகானது, ஆனால் கலந்துகொண்டவர்கள் மிகச் சிலர், முடிவுகள் ஆய்விதழில் முறைப்படி சரிபார்க்கப்பட்டு முழுமையாக வெளிவரவும் இல்லை. ஆகவே இதை நம்பி எதையும் செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. அந்த முதியவர்களுக்கு நன்மை விளைந்திருந்தால்கூட, அது 1959-ஆல் வந்ததா, அல்லது தங்கள் பெட்டியைத் தாங்களே தூக்கி, சமவயதுக்காரர்களோடு பேசிச் சிரித்து, அந்த நாள்களில் யாரும் அவர்களை நோயாளியாக நடத்தாமல் இருந்ததால் வந்ததா என்ற கேள்வி நிற்கிறது.

இந்த வயதுக்கென்று ஒரு மகிழ்ச்சி உண்டா என்பதற்கு, உண்டு என்று ஓரளவு உறுதியாகச் சொல்ல முடியும். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் லாரா கார்ஸ்டென்சனும் குழுவினரும், ஒரே மனிதர்களைப் பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து, ஒரு நாளில் பலமுறை அவர்களுடைய மனநிலையைக் கேட்டு 2011-இல் வெளியிட்ட ஆய்வில், வயது ஏற ஏற மனநிலை சராசரியாக மேம்பட்டும் நிலைபெற்றும் வந்தது. இருக்கும் காலம் குறைவு என்று உணரும் மனிதர் புதிய தொடர்புகளைத் தேடுவதைக் குறைத்து, நெஞ்சுக்கு நெருக்கமானவர்களிடமும் நிறைவு தரும் செயல்களிடமும் நேரத்தைச் செலவிடத் தொடங்குகிறார் என்பது அவருடைய விளக்கம். இதில் வயதை விட, காலம் முடியப்போகிறது என்ற உணர்வே முக்கியம். 1997-இல் ஹாங்காங் சீனாவிடம் ஒப்படைக்கப்படுவதற்கு முன் கேட்டபோது, அங்கிருந்த இளைஞர்களும் முதியவர்களைப் போலவே நெருங்கியவர்களோடு இருக்க விரும்பினார்கள். ஒப்படைப்பு முடிந்து வாழ்க்கை இயல்புக்குத் திரும்பியதும் அந்த விருப்பம் மாறியது.

இதற்கு நேர்மாறாக, மகிழ்ச்சி நாற்பதுகளின் நடுவில் அடிமட்டத்தைத் தொட்டுப் பிறகு தானாக ஏறும் என்று பரவலாகச் சொல்லப்படுவதை நான் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். 2008-இல் பிளாஞ்ச்ஃபிளவர், ஆஸ்வால்ட் இருவரும் பல நாடுகளின் தரவுகளில் அப்படியொரு வளைவைக் கண்டார்கள்; வேறு பலர் அதை மறுத்தார்கள். நம் நாட்டில், 45 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களும் அவர்களுடைய வாழ்க்கைத் துணைவர்களுமாக 72,000-க்கும் அதிகமானோரிடம் 2017-18-இல் நடத்தப்பட்ட தேசிய முதுமை ஆய்வின் தரவுகளைப் பார்த்தால், வறுமையும் நோயும் தனிமையும் மனச்சோர்வோடு எவ்வளவு நெருங்கியவை என்பது புரியும். காத்திருந்தால் மகிழ்ச்சி தானாக வந்துவிடும் என்று ஒரு கூலித் தொழிலாளியிடமோ, துணையை இழந்து தனியே வாழும் பெண்ணிடமோ நான் சொல்லத் துணிய மாட்டேன். வசதியும் துணையும் உள்ள உங்களிடம் மட்டுமே, இருப்பதைக் கவனியுங்கள் என்று சொல்லும் உரிமை எனக்கு இருக்கிறது.

அப்படிக் கவனித்த ஒருவரும் புறநானூற்றில் இருக்கிறார். ‘இத்தனை ஆண்டுகள் ஆகியும் உமக்கு ஏன் நரைக்கவில்லை’ என்று கேட்டவர்களுக்குப் பிசிராந்தையார் சொன்ன விடைதான் 191-ஆம் பாட்டு. மனைவி மாண்புடையவள், மக்கள் அறிவு நிரம்பியவர்கள், ஏவலர்கள் நான் நினைப்பதையே நினைப்பவர்கள், அரசன் தீமை செய்யாமல் காக்கிறான், எல்லாவற்றுக்கும் மேலாக என் ஊரில் சான்றோர் பலர் இருக்கிறார்கள் என்கிறார். நரை வராமலிருப்பதற்கு இது மருத்துவக் காரணம் ஆகாது. ஆனால் வயதைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு அவர் தம் உடலைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், தம்மைச் சுற்றி யார் யார் இருக்கிறார்கள் என்று மட்டும் எண்ணிச் சொல்லியிருப்பது, கார்ஸ்டென்சன் சொல்வதற்கு வெகு தொலைவில் இல்லை.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். மேலூர்ப் பக்கம் எங்கள் ஊர்த் தோட்டத்துக் கிணற்றில், பம்ப் செட் அறையின் கூரையிலிருந்து குதித்து அடிமண் எடுத்து வருவதுதான் எங்களுக்கு விளையாட்டு. நெடுநாள் அந்தக் குதியலைத்தான் நான் ஏங்கிக்கொண்டிருந்தேன். மற்றவர்களிடம் கேட்பது போல ஒரு நாளை மட்டும் எடுத்து எழுதியபோது, அதில் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது தண்ணீர் அல்ல. கிணற்று மேட்டில் நிலக்கடலை உரித்துக்கொண்டு, நான் மூழ்கியதும் ‘ஒண்ணு, ரெண்டு’ என்று உரக்க எண்ணிக்கொண்டிருந்த என் பெரியப்பா. அவர் எண்ணுவது தண்ணீருக்குள்ளும் கேட்கும் என்று அப்போது நம்பினேன். புறநானூற்று முதியவரின் பாட்டில் ‘கரையவர் மருள’ என்று இரண்டே சொற்களில் வந்துபோகும் அந்தக் கரைக்காரர்களை அதுவரை நான் கவனித்ததே இல்லை. அவர்கள் இல்லாவிட்டால் அந்தப் பாய்ச்சலும் இல்லை. எனக்கு இப்போது அறுபத்திரண்டு வயது. ஐப்பசி மழைக்குப் பிறகு கிணற்றில் தண்ணீர் ஏறும் மாதங்களில், தங்கையின் பேரப்பிள்ளைகள் இடுப்பில் காலிக் கேனைக் கட்டிக்கொண்டு குதிக்கும்போது நான் மேட்டில் உட்கார்ந்து எண்ணுகிறேன். குதிக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இன்னும் இருக்கிறது. எண்ணுவதிலும் இப்படியொரு சுகம் உண்டு என்பது ஐம்பது வயதில் எனக்குத் தெரியாது.

ஆகவே இப்போதைக்கு உங்களுக்கு நான் சொல்லக்கூடியது சிறியது. பாடல்களை நிறுத்த வேண்டாம். இந்த வாரத்தில் ஒரு மாலை, விடுதியின் ஒரே ஓர் இரவை மட்டும் இரண்டு பக்கம் எழுதுங்கள். அன்று யார் யார் இருந்தார்கள், நாடா சிக்கிக்கொண்டபோது பென்சிலை விட்டுச் சுற்றியது யார், கேசட்டைத் திருப்பிப் போட எழுந்தது யார், கீழேயிருந்து யார் குரல் கொடுத்தார்கள் என்பதுவரை எழுதுங்கள். எழுதி முடித்த பின், அந்த இரவில் இருபது வயதுக்கு உரியவற்றுக்கு ஒரு கோடும், மற்றவற்றுக்கு வேறொரு கோடும் போட்டுப் பாருங்கள். அதில் உயிரோடு இருப்பவர்களில் ஒருவரை, வாட்ஸ்அப்பில் படம் அனுப்பாமல், தொலைபேசியில் அழையுங்கள். அதற்கும் முன்னால், எழுதியதை உங்கள் மனைவிக்குப் படித்துக் காட்டுங்கள். அவர் இதுவரை பார்த்தது, கதவுக்கு அந்தப் பக்கம் தனியே உட்கார்ந்திருக்கும் உங்களைத்தான். மாடியில் இருந்த அந்தப் பையனை அவர் சந்தித்ததே இல்லை. படித்து முடித்ததும், 1988-இல் அவர் எந்த ஊரில் இருந்தார், மாலைகளில் யாரோடு உட்கார்ந்திருந்தார், என்ன பாட்டுக் கேட்டார் என்று கேளுங்கள்.